முழங்காலுக்கு மேலே பெய்த மழை

1959ஆம் வருஷம் ஆனி மாதம் பதினெட்டாம் தேதி காலை ஏழரை மணி முதல் கடைக்குளத்தில் மழை முழங்காலுக்கு மேலே மட்டும் பெய்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரஸ்தாவில் பாதி வழியில் வடக்கே பிரியும் வண்டித்தடத்தில் ஒன்றரை மைல் நடந்தால் கடைக்குளம். சிற்றாற்றுக் கால்வாயில் கடைசிக் குளம் அதுதான். மேலே உள்ள ஊர்க்காரர்கள் குடித்து, குளித்து, மாடு கழுவி மீந்த தண்ணீர் ஐப்பசியில் வந்து சேரும். ஆகவே கார் நெல்லுக்கு அந்த ஊர் நம்பியிருந்தது ஆனி, ஆடிச் சாரலைத்தான். அன்றைக்கும் சாரல் வழக்கம்போல மலையை விட்டு இறங்கி வந்தது. தலையை நனைத்தது, தோளை நனைத்தது, தொடை வரைக்கும் வந்தது, தரைக்கு ஒன்றரை அடி இருக்கும்போது நின்றுவிட்டது. பள்ளிக்கூட வாத்தியார் அடிக்கோல் வைத்து அளந்து பத்தொன்பது அங்குலம் என்றார். அதற்குக் கீழே காற்று காய்ந்து கிடந்தது. மாடுகள் முதுகு நனைந்து குளம்பு புழுதியாக நின்றன. கோழிகளுக்கு மழை பெய்வதே தெரியவில்லை. உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே நனையாது, படுத்துக்கொண்டால் ஒரு துளியும் படாது. ஓட்டிலிருந்து வடிந்த நீரும் அந்த உயரம் வரை வந்து மறைந்தது. குடத்தை ஸ்டூல் மேல் வைத்துப் பிடித்தால் மட்டும் நிறைந்தது. பிடித்துவிட்டால் அது மழை இல்லை, தண்ணீர், சொன்னபடி கேட்கும். ஆனால் குடத்தைக் கொண்டு முந்நூறு ஏக்கர் வயலை நனைக்க முடியாது.

இதற்குக் காரணம் தவளை என்பதைக் கண்டுபிடிக்க ஊருக்குச் சில மாதம் ஆயிற்று. தவளைக்குக் காரணம் ஓர் ஒப்பந்தம். 1957இல் டில்லியில் இரண்டு தேசத்துக்காரர்கள் ஒரு மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கை குலுக்கிக்கொண்டார்கள். மேஜையில் பூச்சாடி இருந்தது என்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இங்கேயிருந்து போக வேண்டிய சாமான்களின் பட்டியல் இருந்தது. பதினேழாவது வரியில் தவளைக்கால், உறைய வைத்தது, ஜோடி ஜோடியாக, தோல் உரித்தது. அந்த வரியைக் கடைக்குளத்துக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. வாசித்திருந்தாலும் சிரித்திருப்பார்கள். தவளையைத் தின்கிற மனுஷன் இருப்பான் என்று நம்புவதற்கு அந்த ஊரில் அப்போது ஒருவரும் தயாராக இல்லை.

வரி எண் பதினேழைக் கடைக்குளத்துக்குக் கொண்டுவந்தவர் வர்க்கி. கொச்சிக் கம்பெனி ஒன்றின் ஏஜெண்டு, வெள்ளை ஜுப்பா, நல்ல மனிதர். வேலைக்காரர்கள் மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. ஒப்பந்தம் போட்ட வருஷம் ஆடியில் செங்கோட்டை வழியாகக் குற்றாலத்துக்கு வந்து, பேரருவிக்குப் போகும் வழியில் துண்டைக் கட்டிக்கொண்டு எண்ணெய் தேய்க்கக் குப்புறப் படுத்தார். தேய்த்தவன் கடைக்குளத்துப் பேச்சிமுத்து. சீசனில் எண்ணெய் தேய்ப்பு, மற்ற நாளில் மனைவி மாரித்தாயின் தகப்பன் அவளுக்குக் கொடுத்த அரை ஏக்கரில் பயிர். பேச்சிமுத்துவின் கட்டைவிரலுக்கு எலும்பும் சதையும் வாசிக்கத் தெரியும். கெண்டைச் சதையை ஒரு அழுத்து அழுத்தி, "அண்ணாச்சி உக்காந்து வேலை பாக்குத ஆளு," என்று சொல்லிவிடுவான். அவனிடம் இன்னொரு வித்தை இருந்தது. அலுத்துப் படுத்திருக்கிறவர்களைச் சிரிக்க வைக்கத் தவளை மாதிரிக் கத்துவான். கத்தினால் ஓடையிலிருந்து தவளைகள் கிளம்பி வந்து எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி உட்காரும். வந்தது பெண் தவளைகளா, சண்டைக்கு வந்த ஆண் தவளைகளா என்று அவன் பிரித்துச் சொல்லுவான். வர்க்கி குப்புறப் படுத்தபடியே அதைப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்தார்.

"எந்தா பேரு?"

"பேச்சிமுத்து."

"எனக்குத் தவளை வேணம். எத்தர கொண்டு வந்நாலும் எடுக்காம்."

"மருந்துக்கா முதலாளி?"

"அல்ல. தின்னான் வேண்டி."

"தவளையையா! ஆரு?"

"வெள்ளைக்கார சாயிப்பு. கப்பல்ல போகும். காலு மாத்ரம் மதி, போதும்."

"மிச்சத்தை?"

"மிச்சம் நீ எடுத்தோ," என்றார் வர்க்கி. பேச்சிமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்த சிரிப்பில் வர்க்கியின் முதுகில் எண்ணெய் அதிகமாகக் கொட்டிவிட்டது.

அந்த ஐப்பசியிலேயே குற்றாலம் ரஸ்தாவில் தகரக் கொட்டகை ஒன்று எழுந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்கோடும் கோணிச் சாக்கோடும் ஊர் ஆண்கள் பாதிப்பேர் வயலில் இறங்கினார்கள். பேச்சிமுத்து வரப்பில் குந்தியிருந்து கூப்பிடுவான். தவளைகள் தாமாகவே நடந்து வந்து சாக்கில் ஏறிக்கொள்ளும். கொட்டகையில் அவனுக்குத் தரம் பிரிக்கும் வேலையும் கிடைத்தது. கட்டைவிரலால் தொடையை அழுத்தி முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று மூன்று தொட்டியில் போடுவான். பெண்கள் இடுப்போடு வெட்டினார்கள். கால்கள் ஐஸ் பெட்டியில் ஏறித் தென்காசி ஸ்டேஷனிலிருந்து கொல்லம் ரயிலில் மலையைக் குடைந்து போயின. மேல்பாதிகளைக் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டிக் கொட்டினார்கள். அவை உடனே சாகவில்லை. இரண்டு நாள், சிலது மூன்று நாள், கண்ணை விழித்துக்கொண்டு கையை ஊன்றி ஊன்றிக் குழியின் விளிம்புக்கு ஏறப் பார்க்கும். வெட்டுகிற பெண்கள் முதல் வாரம் சாப்பிடவில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து குழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஊரில் பதினான்கு சைக்கிள் வந்தது. கூரை இருந்த இடத்தில் ஓடு வந்தது. மாரித்தாய்க்குப் பேச்சிமுத்து ஒரு ஜோடிக் கம்மல் வாங்கிக் கொடுத்தான். அவள் அதைப் போட்டுக்கொண்டாள், ஆனால் கொட்டகைப் பக்கம் வந்ததே கிடையாது.

அடுத்த ஐப்பசியில் ஊருக்குத் தூக்கம் வரவில்லை. குளத்தில் தவளைச் சத்தமே இல்லை. நாட்டாமை குத்தாலிங்கம் பதினோரு கோட்டை விதைப்பாடு உள்ளவர், ஊரிலேயே அதிக வயல் அவருக்குத்தான். சத்தமில்லாமல் கண் மூட முடியாமல், ஓர் ஆளை வைத்து முற்றத்தில் தகரத்தைத் தட்டச் சொன்னார். அந்தத் தை மாதம் புகையான் வந்தது, தண்டுப்புழு வந்தது, வயல் முழுவதும் இதுவரை பேர் வைக்கப்படாத பச்சைப் பூச்சி ஒன்றும் வந்தது. தவளை தின்ன வேண்டியதெல்லாம் நெல்லைத் தின்றது. அப்போதுதான் ஒப்பந்தத்துக்கு இரண்டாம் பக்கம் ஒன்று உண்டு என்று தெரிந்தது. கால்களைக் கொண்டுபோன அதே கப்பல் திரும்பி வரும்போது வெள்ளைப் பொடி கொண்டுவந்தது. மூட்டையில் தொப்பி போட்ட விவசாயி சிரித்துக்கொண்டிருந்தார். முதல் வருஷம் இலவசம். பொடி போட்டார்கள், பூச்சி செத்தது. பிறகு கோழி, பிறகு வரப்பில் மேய்ந்த நான்கு கன்றுக்குட்டிகள், பிறகு பொடியைக் கையால் கலக்கிய இரண்டு பேர். பூச்சி மட்டும் மூன்று மாதத்தில் திரும்பி வந்தது. செத்தவர்கள் வரவில்லை. அந்த வருஷம் ஆனியில்தான் மழை பத்தொன்பது அங்குலத்தில் நின்றது. கீழே இருந்து கூப்பிட ஆள் இல்லாத இடத்துக்கு அது எதற்காக இறங்கி வர வேண்டும்?

ஊரார் வறட்சி என்று மனு எழுதினார்கள். தாலுகாவிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பன் மழைமானியோடு வந்தார். பள்ளிக்கூட முற்றத்தில் மூன்றடி உயரத்துக்குச் செங்கல் பீடம் கட்டி அதன் மேல் மழைமானியை உட்கார வைத்தார். ஒரு மாதம் கழித்து வந்து பார்த்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட, செருப்பு புழுதியோடு நின்றபடி குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்.

"நாலே முக்கால் அங்குலம். தாலுகாவில போன வருஷம் பெய்ஞ்சதைவிடக் கால் அங்குலம் கூட."

குத்தாலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு, "அய்யா, அந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் தரையில இறக்கி வச்சுப் பாருங்க," என்றார்.

"இறக்கப்பிடாது வேய். ஆடு முட்டிரும். பீடத்து மேலதான் இருக்கணும்னு ரூல்."

"அப்ப ஆட்டுக்குப் பயந்து எங்களைப் பட்டினி போடுதியளா?"

"நாலே முக்கால் அங்குலம் பெய்ஞ்ச ஊரை வறட்சின்னு எழுதுனா, என்னைய எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாகன்னு உமக்குத் தெரியாதா?"

அந்தத் தவளைப் பிடிப்பையாவது நிறுத்தக் கூடாதா என்று கேட்டு இன்னொரு மனு மேலே போனது. ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. இது இரண்டு சர்க்கார்கள் சம்பந்தப்பட்ட விஷயம், ஒரு குளத்தை உத்தேசித்து மாற்ற இயலாது என்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். அந்த வருஷக் கார் நெல் நாற்றங்காலிலேயே கருகியது. சிலர் கயிற்றுக் கட்டிலில் மண்ணைப் பரப்பி அதன் மேல் நாற்றுப் பாவினார்கள். கட்டில் நாற்று கிளி மாதிரிப் பச்சையாக வளர்ந்தது. பிடுங்கித் தரையில் நட்டார்கள். நான்காம் நாள் செத்தது.

அறுபதாம் வருஷம் ஆனி பிறந்ததும் தவளைக் கல்யாணம் நடத்துவது என்று ஊர் முடிவு செய்தது. மழை பொய்த்தால் ஓர் ஆண் தவளைக்கும் ஒரு பெண் தவளைக்கும் மஞ்சள் பூசி, மாலை போட்டு, தாலி கட்டி, மேளத்தோடு கொண்டுபோய்க் குளத்தில் விடுவது அங்கே பழைய வழக்கம். எல்லாம் தயார், தவளைதான் இல்லை. எட்டு ஊர் தேடிவிட்டுக் கொட்டகைக்குப் போய் வர்க்கியிடம் கேட்டார்கள்.

"முழுத் தவளை இப்போ வயநாட்டில் இருந்நு வருந்நது. அது அவிடே தன்னே வெட்டும்," என்றார் வர்க்கி வருத்தத்தோடு. "இவிடே காலு உண்டு. ஐஸில் இட்டது. ரெண்டு ஜோடி சும்மா எடுத்தோ."

"காலுக்கு எங்கன வே தாலி கட்ட?" என்றார் குத்தாலிங்கம்.

குளத்தங்கரைக்கு வந்ததும் குத்தாலிங்கம் நின்றார். பேச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். "ஏலே, எல்லாத்தையும் கூப்பிட்டுக் கொண்டு போனவன் நீதான. இப்ப நீயே தவளையா உக்காரு. ஒன் சத்தத்துக்குத் தவளையே ஏமாந்துச்சு, மழை ஏமாறாதா?" பேச்சிமுத்து ஒத்துக்கொண்டான். கருகிக் கிடந்த வயல்களில் மாரித்தாயின் அரை ஏக்கரும் இருந்தது. தவிர, குழியின் விளிம்பில் கை ஊன்றியவை அவன் கனவில் ஏற ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெண் தவளைக்கு யாரை உட்கார வைப்பது என்று பேச்சு வந்தபோது மாரித்தாய் ஐந்து மாத வயிற்றோடு முன்னால் வந்தாள். "அவுகளுக்கு ஒரு பொண்டாட்டி போதும். நானே உக்காருதேன்," என்றாள். கட்டின புருஷனுக்கு இரண்டாம் தடவை கழுத்தை நீட்டினாள். பிள்ளைத்தாய்ச்சியைக் குளத்தில் இறக்கக் கூடாது என்று அவளைக் கரையிலேயே விட்டுவிட்டு, மஞ்சளும் மாலையுமாகப் பேச்சிமுத்துவை நான்கு பேர் தூக்கிக்கொண்டுபோய் மடைக்குப் பக்கத்துச் சேற்றில் விட்டார்கள். மாலை நான்கு மணி. எல்லாருக்கும் தலை நனைந்திருந்தது, கால் காய்ந்திருந்தது.

பேச்சிமுத்து குந்தி உட்கார்ந்து தொண்டையைப் பெருக்கிக் கத்தினான். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. சிலர் சிரித்தார்கள். பிறகு யாரோ ஒரு பெண் குனிந்து தன் ஆடுசதையைத் தொட்டுப் பார்த்தாள். மழை முழங்காலைத் தாண்டியிருந்தது. ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை, பழகாத வீட்டுக்குள் வருகிறவர் மாதிரித் தயங்கித் தயங்கி அது கணுக்காலுக்கு வந்தது. ஒரு வருஷமாக மழையைப் பார்க்காத மண்ணின் மேல் முதல் துளி விழுந்தபோது புழுதி சின்னக் கிண்ணம் மாதிரிக் குழிந்தது. ஒன்றரை வயதுக் குழந்தைகள் தங்கள் கால் நனைவதைப் பார்த்துப் பயந்து வீறிட்டன. பேச்சிமுத்து தொண்டை கட்டி இருமினான். மழை உடனே முழங்காலுக்கு ஏறியது. மறுபடி கத்தினான், இறங்கியது. அவன் சத்தம் கேட்கிற தூரம் வரைக்கும், அதாவது ஏறக்குறைய ஒரு மைல், மழை தரையைத் தொட்டது.

இருட்டியதும் வீட்டுக்குப் போகலாம் என்று அவன் எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் ஊர் தன் தவறைக் கண்டுகொண்டது. சடங்கில் தவளையைத் தண்ணீரில் விடுவதோடு எல்லாம் முடிந்துவிடும். விட்டதைத் திருப்பி எடுக்க முறையே கிடையாது. கல்யாணம் முடிந்த தவளையை யாரும் வெளியே எடுத்ததில்லை. எடுத்தால் அடுத்த ஏழு வருஷத்துக்கு மேகமே திரும்பிப் பார்க்காது என்றுதான் பேச்சு. பூசாரியைக் கேட்டார்கள். அவர் வெற்றிலையை மென்று முடிக்கும் வரை யோசித்து, "குளம் தானா வத்துனா அது வேற," என்றார். ஆகவே குளம் வற்றும் வரை பேச்சிமுத்து உள்ளேயே இருப்பது என்று ஆயிற்று. மடைக்கல் மேல் அவனுக்குப் பனையோலைக் குடிசை போட்டார்கள், மார்பு வரைக்கும் தண்ணீர். மாரித்தாய் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள். அவன் தூங்கும்போது மழை மேலே போகும், விழித்ததும் இறங்கும். ஐப்பசியில் கால்வாய்த் தண்ணீரும் சேர்ந்து வர, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஊரில் நெல் விளைந்தது. அந்த மாதமே குழந்தையும் பிறந்தது, பெண். குற்றாலத்து அம்மன் பேரையே வைத்துக் குழல்வாய்மொழி என்றார்கள். தகப்பன் குளத்துக்குள்ளிருந்து கையை நீட்டி வாங்கினான். கட்டைவிரலால் பிள்ளையின் தொடையை அழுத்திப் பார்த்தான். பழக்க தோஷத்தில் "முதல் தரம்," என்று சொன்னான். சொன்ன பிறகு அவன் முகம் மாறியது. பிள்ளையை உடனே மாரித்தாயிடம் கொடுத்துவிட்டான்.

பங்குனியில் குளம் வற்றியது, அவன் நடந்து வீட்டுக்குப் போனான். ஆனியில் மேளத்தோடு திரும்ப இறக்கினார்கள். அடுத்த பங்குனியில் கம்பு ஊன்றிப் போனான். வயலில் போட்ட பொடியெல்லாம் மழையில் கரைந்து குளத்துக்குத்தான் வந்தது. தரையைத் தொடாத மழையாக இருந்தவரை அந்தத் தொந்தரவு இல்லை. நான்காம் வருஷம் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். குளிக்க வந்தவர்களிடம் மீந்த எண்ணெயை மாரித்தாய் குற்றாலத்திலிருந்து வாங்கி வந்து, தினமும் தண்ணீருக்குள் இறங்கி அவன் கால்களை உருவிவிட்டாள். எண்ணெய் தண்ணீரில் மிதந்து வானவில் காட்டியது. அவன் தன் தொடையைத் தானே கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பான். அறுபத்தொன்றில் முதல் தரம் என்றான். அறுபத்து மூன்றில் இரண்டாம் தரம் என்றான். அறுபத்தாறில் ஒன்றும் சொல்லவில்லை.

"சும்மா சொல்லுங்க, என்ன தரம்?" என்றாள் மாரித்தாய்.

"ஏட்டி, மூணாவது தொட்டி," என்றான்.

இருவரும் சிரித்தார்கள். அவள் சிரித்தபடியே கரையேறி, அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அறுபத்து மூன்றிலேயே தவளைக் கப்பல் நின்றுபோனது. கால்களை வாங்கிய தேசத்தில் யாரோ சோதித்துப் பார்த்ததில் சதைக்குள் விஷப் பொடி இருந்ததாம், அவர்கள் விற்ற அதே பொடிதான். தங்கள் ஜனங்களின் ஆரோக்கியத்தை முன்னிட்டுச் சரக்கை வாங்க மறுத்தார்கள்; நியாயமான காரியம். ஐஸ் பெட்டிகள் கொச்சியிலிருந்து திரும்பி வந்து தென்காசி ஸ்டேஷனில் பதினொரு நாள் கிடந்தன. ஸ்டேஷன் மாஸ்டர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு டிக்கெட் கொடுத்தார். பட்டியலில் பதினேழாவது வரியை அடித்தார்கள். இரண்டாம் பக்கத்தை யாரும் அடிக்கவில்லை, பொடி வந்துகொண்டே இருந்தது. வர்க்கி போகும்போது குளத்தங்கரைக்கு வந்து பேச்சிமுத்துவைப் பார்த்து, ஜுப்பா நனைய நின்று, "ஞான் அறிஞ்ஞில்லா," என்று அழுதார். ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போனார். கொட்டகை இருந்த இடத்தில் லாட்ஜ் வந்தது. அறுபத்தைந்தில் கப்பலில் கோதுமை வந்தது. அது வேறு ஒப்பந்தம்.

மழைமானி மட்டும் அதே பீடத்தில் இருந்தது. எல்லா வருஷமும் இயல்பு என்றே எழுதினார்கள். ஊரிலும் யாரும் அதிசயம் என்று பேசவில்லை. பேச்சிமுத்து உட்கார்ந்தாச்சா என்று கேட்டுத்தான் நாற்றுப் பாவினார்கள். குழல்வாய்மொழி பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கரைக்கு ஓடி வருவாள், தகப்பனுக்குக் கணக்கு வாய்ப்பாடு ஒப்பிப்பாள். அவள் ஓடி வருகிற காலையே அவன் பார்த்துக்கொண்டிருப்பான். அவளுக்குத் தவளை மாதிரிக் கத்தக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் குத்தாலிங்கம் ஒன்றிரண்டு தடவை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். "பின்னால ஒரு ஆள் வேணும்லா," என்றார். பேச்சிமுத்துவுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். அப்போதும் கேட்கவில்லை.

அறுபத்தொன்பது, ஆவணி ஒன்பதாம் தேதி, பகல் பதினொரு மணிக்கு மழை சடக்கென்று முழங்காலுக்கு ஏறியது. வயலில் களை பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். குளத்தைப் பார்த்து நடந்தார்கள். பேச்சிமுத்து மடைக்கல்லில் சாய்ந்து கிடந்தான். தூக்கிக் கரையில் கிடத்தினார்கள். சடங்கு பார்க்க இனி ஒன்றும் இல்லை. அவனுடைய கால்கள் அத்தனை சின்னதாக இருந்தன, மாரித்தாய் தன் முந்தானையின் ஒரு முனையாலேயே இரண்டையும் மூடிவிட்டாள். ஊர் முழுவதும் சுற்றி நின்றது, தலை நனைந்து, பாதம் காய்ந்து. மழை முழங்கால் உயரத்தில் நின்றதால், தரையில் கிடந்தவன் மேல் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. நெல் அப்போது பால் பிடிக்கிற பருவம். இன்னும் இருபது நாள் தண்ணீர் வேண்டும். எல்லாருக்கும் அது தெரியும். பிணத்தைப் பார்த்துக்கொண்டே அந்த இருபது நாளைத்தான் நினைத்தார்கள், அதற்காக அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது.

அப்போது தகப்பனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த குழல்வாய்மொழி அழ ஆரம்பித்தாள். எட்டு முடிந்து ஒன்பது நடக்கிற பிள்ளை. அழுகை தொண்டையில் சிக்கி, விக்கி விக்கி வந்தது. நான்காவது விக்கலில் குத்தாலிங்கத்தின் வலது கால் கட்டைவிரலில் ஒரு துளி விழுந்தது. அவர் குனிந்து பார்த்தார். இன்னொரு துளி விழுந்தது. மழை எல்லார் பாதங்களிலும் பெய்தது, பேச்சிமுத்துவின் முகத்திலும் பெய்தது. கூட்டம் மெதுவாகத் திரும்பி அந்தப் பிள்ளையைப் பார்த்தது.

மாரித்தாய் பாய்ந்து மகளின் வாயைப் பொத்தினாள். மழை முழங்காலுக்கு ஏறியது.

"ஏட்டி மாரி," என்றார் குத்தாலிங்கம்.

"அவுக தொட்டுப் பாத்துச் சொன்னாக," என்றாள் மாரித்தாய். கையை எடுக்கவில்லை. "இந்தக் காலு முதல் தரம்னு சொன்னாக. இது நடக்கும், ஓடும், மலை ஏறும். உங்க யாருக்கும் கிடையாது. ஒருத்தருக்கும் கிடையாது."

குத்தாலிங்கத்துக்குப் பின்னால் பதினோரு கோட்டை விதைப்பாடு பால் பிடித்து நின்றது. அவர் தன் காய்ந்துபோன பாதத்தைப் பார்த்தார். அந்தப் பிள்ளையின் பாதத்தைப் பார்த்தார். புழுதியில் விரல்களை அழுத்தி ஊன்றியிருந்தாள், எந்த நிமிஷமும் ஓடத் தயாராக. அவர் கையிலிருந்த குடையை மடக்கினார்.

"பிள்ளையைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ. அழுகை நின்ன பொறவு கூட்டிட்டு வா. நாங்க முழங்கால் மட்டுக்கும் நனைஞ்சுக்கிடுதோம்."

அந்த வருஷம் நெல் முழுவதும் சாவியாகவும் பதராகவும் போனது. அடுத்த வருஷமும் அப்படியே. பாதிப்பேர் கடையநல்லூருக்குத் தறி ஓட்டவும், செங்கோட்டைக்கு அப்பால் தோட்ட வேலைக்கும் போனார்கள். இருந்தவர்கள் திண்டு கட்டி, இரண்டடி உயரத்துக்கு மண் நிரப்பி, அதன் மேல் கீரையும் வெண்டையும் போட்டுப் பழகிக்கொண்டார்கள். குழல்வாய்மொழி அழுதால், மழை இறங்கும் முன்னே சமாதானப்படுத்த ஊரில் நான்கு பேர் கையில் முறுக்கோடு ஓடி வருவார்கள். அந்தப் பிள்ளை மாதிரிச் செல்லமாக வளர்ந்த பிள்ளை அந்தத் தாலுகாவிலேயே கிடையாது. சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் சிலர் வழி தவறிக் கடைக்குளம் பக்கம் வந்துவிடுவார்கள். மழையைப் பார்த்ததும் வேட்டியைத் தூக்கி மடித்துக் கட்டப் போவார்கள். வேண்டாம், இறக்கியே விடுங்கள், இங்கே கீழே நனையாது என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.